கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குத் தனியாகச் சைக்கிளில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர் கோவில்பட்டியில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தனியாகச் சைக்கிளில் போய்வந்தார். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.)

என்னிடம் அப்பா ஓட்டிய பழைய 28 இஞ்ச் சைக்கிள்தான் இருக்கிறது. கியர் சைக்கிள் வாங்காமல் காஷ்மீர் போக முடியுமா?
– கல்லூரி மாணவர், அருப்புக்கோட்டை

போகலாம் தம்பி. நான் போனதும் அந்த மாதிரி வண்டியில்தான். தொப்பூர் கணவாயிலும், ஜம்முவைத் தாண்டி மலை ஏறும்போதும் இறங்கித் தள்ளினேன். தள்ளுவதில் ஒரு கேவலமும் இல்லை. 1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். அதில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூன்று பேர் 1928இல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். பாலைவனத்தையே கடந்திருக்கிறார்கள். நமக்குத் தார் ரோடு இருக்கிறது.

28 இஞ்ச் வண்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதன் டியூபும் டயரும் அதிலாபாத் பக்கத்துக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். 700 சி என்று சொல்கிற மெல்லிய டயர் வண்டி வைத்திருந்தால் பெரிய ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வால்வையும் கவனியுங்கள். ஊசி மாதிரி மெல்லிசாக இருக்கும் பிரெஸ்டா வால்வில் ரோட்டோரப் பம்பு பிடிக்காது. கியர் வண்டிதான் வாங்குவேன் என்றால் 26 இஞ்ச் சக்கரமும் கார் வால்வும் உள்ளதாகப் பாருங்கள். லாரி பஞ்சர் கடையிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். காற்றைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள், லாரிக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் டியூப் போய்விடும். நம் பழைய வண்டிக்குக் கைப்பம்பும் ஒரு முழம் வால்டியூபும் (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய்) போதும்.

கிளம்பும் முன் இரண்டு டயரையும், பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போடுங்கள். செயினை மாற்றினால் ஃப்ரீவீலையும் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்த்து மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. பெடல் கட்டை ஆடினால் பெடல் சுழலும் அச்சில் இருக்கும் பி.பி. கப், ஆக்சில், பால்ரஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். எல்லாச் சுமையையும் பின் கேரியரில் கட்டாதீர்கள். பின் சக்கரத்தில், அதுவும் ஃப்ரீவீல் இருக்கும் பக்கத்தில்தான் ஸ்போக்ஸ் கம்பி முதலில் அறுந்துபோகும். அளவு பார்த்து நாலைந்து கம்பி கையில் இருக்கட்டும். எனக்கு மத்தியப் பிரதேசத்து சாகர் ஊருக்கு முன்னால் இரண்டு கம்பி போனது. அங்கே ஒரு பெரியவர் கண்ணாலேயே பார்த்துக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சக்கரம் இன்றுவரை ஆடவில்லை.

எந்த மாதம் கிளம்பினால் நல்லது? எந்த வழி?
– வாசகர், நாமக்கல்

வழி சுலபம். தேசிய நெடுஞ்சாலை 44. உங்கள் நாமக்கல் வழியாகத்தான் போகிறது. மதுரை, சேலம், பெங்களூர், கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டில்லி, ஜலந்தர், ஜம்மு, ஸ்ரீநகர். 3,700 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

மாதம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்து பொங்கல் முடித்து, தை பாதியில் கிளம்புவது நல்லது. ஆனி, ஆடியில் கிளம்பினால் முதல் நாளே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, வள்ளியூர் பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை, எதிர்க்காற்றும் சேர்ந்துவிடும். மார்கழியில் பஞ்சாப், ஹரியானா பக்கம் போய்ச் சேர்ந்தீர்களானால் பனிமூட்டம். பத்தடி தள்ளி நிற்கும் லாரி தெரியாது. தை பாதியில் கிளம்பி மெதுவாக மிதித்தால், ஆக்ரா போகும்போது பனிமூட்டம் போயிருக்கும், மத்தியப் பிரதேசத்து வெயில் ஆரம்பித்திருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹோலி அன்று ஜான்சி, குவாலியர், ஆக்ரா பக்கம் இருந்தால் அறையை விட்டு வெளியே வராதீர்கள். சாயம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் அன்றைக்கு அதிகம்.

கடைசிப் பகுதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதம்பூருக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள செனானி–நாஷ்ரி சுரங்கம் இருக்கிறது. அதற்குள் சைக்கிளை விட நினைக்காதீர்கள். பத்னிடாப் மேலேறிப் போகும் பழைய ரோடு இருக்கிறது, தேவதாரு மரங்களுக்கு நடுவே போகும். ராம்பன் முதல் பனிஹால் வரை மழை பெய்தால் மலையிலிருந்து கல் உருளும். காலையில் போக்குவரத்துப் போலீஸாரிடம் ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். அப்புறம், நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போனால் வீட்டில் பயப்படாமல் இருப்பார்கள்.

நான் பெண், வயது முப்பத்தொன்று. தனியாகப் போவது சரியா?
– வாசகி, கரூர்

ஆணான நான் இதற்குத் தைரியம் சொல்வது சுலபம். அதனால் போய்வந்த பெண்களைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஆஷா மாளவியா 2022 நவம்பரில் போபாலிலிருந்து கிளம்பி, தனியாகவே மாநிலம் மாநிலமாகச் சைக்கிளில் சுற்றினார். புனேயைச் சேர்ந்த பிரீத்தி மஸ்கே அதே வருடம் குஜராத்தின் மேற்கு முனையிலிருந்து அருணாசலம் வரை போனார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த வசதிகளை மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசம். தயங்காமல் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். டோல்கேட்டிலும் கழிப்பறை உண்டு. அவசரத்துக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. மதியம் மூன்று மணிக்குள் தங்கும் ஊரை முடிவு செய்துவிடுங்கள். அறை பிடிக்கவில்லை என்றால் வேறு அறை பார்க்க வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். பஞ்சாபுக்குள் போய்விட்டால் குருத்வாராக்கள் இருக்கின்றன. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் சாப்பாடு நிச்சயம், பெரிய குருத்வாராக்களில் தங்கவும் இடம் கொடுப்பார்கள். நாளை எங்கே தங்குவீர்கள் என்று வழியில் கேட்பவர்களிடம் உண்மையான ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

நாய்களுக்கு என்ன செய்வீர்கள்?
– வாசகர், திண்டுக்கல்

தபால்காரனிடம் கேட்கிறீர்களே! வேகமாக மிதித்தால் நாய் துரத்தும். இறங்கி, வண்டியை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டு நின்றுவிடும். கல்லை எடுப்பதுபோல் குனிவதும் வேலை செய்யும்.

கடித்துவிட்டால் விளையாட்டாக விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுங்கள். தோலில் போடும் முறையில் முதல் ஊசி அன்றைக்கு, அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து அடுத்தவை என்று வரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கடிவாயிலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அடுத்த ஊசியை அடுத்த மாநிலத்தில் போட்டுக்கொள்ளலாம். பயணம் நிற்காது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? என் நண்பன் 150 போகலாம் என்கிறான்.
– வாசகர், சிவகாசி

நண்பனையும் கூட்டிக்கொண்டு 150 போய்ப்பாருங்கள், மறுநாள் அவன் எழுந்திருக்கிறானா என்று பாருங்கள். 60, 70 போதும். விடியற்காலை கிளம்பி வெயில் ஏறும் முன் பாதியை முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம். தாபா பக்கத்தில் ரோட்டோரமாகத் தப்பான திசையில் வரும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விளக்கே இருக்காது. நாக்பூரைத் தாண்டி பெஞ்ச் புலிக்காட்டில் விலங்குகள் கடக்க ரோட்டையே தூக்கிக் கட்டி அடியில் வழி விட்டிருக்கிறார்கள். புலி கீழே போகும் என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கம் சாயங்காலம் உலாவ வேண்டாம்.

உடம்பு வலிக்கு ஒரு வைத்தியம்: சீட்டின் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் முழங்கால் நேராக நீள வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்கிறோம். தண்ணீரில் உப்பும் வேண்டும். ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி அளக்க வேண்டும்.

பஞ்சரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் பக்கம் சீமைக்கருவேல முள்தான் எதிரி. நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் தூள். மயிர் மாதிரி இருக்கும், டயரில் குத்தியது கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்து, சிக்கும் கம்பியை இடுக்கியால் பிடுங்குங்கள்.

வண்டியில் "நீரைச் சேமிப்போம்" மாதிரி விழிப்புணர்வுப் பலகை வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

வையுங்கள், யார் வேண்டாம் என்றது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஊர் சுற்ற ஆசைப்படுகிறவன் அதற்கு ஒரு காரணத்தை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டுமா? ஆனால் "கன்னியாகுமரி – ஸ்ரீநகர்" என்று இந்தியில் எழுதிய அட்டை ஒன்று பின்னால் இருக்கட்டும். அது மட்டும் எனக்கு வாங்கிக் கொடுத்த டீக்குக் கணக்கில்லை. சம்பல் பள்ளத்தாக்கில், மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில், லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவந்து, கன்னியாகுமரியில் மூன்று கடலும் சேருவது உண்மையா என்று கேட்டார். அவருக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன்.

மகன் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.
– ஒரு தாய், தூத்துக்குடி

வேலையை விட வேண்டாம் என்று நானும் சொல்கிறேன் அம்மா. இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்கட்டும். முதலில் திருச்செந்தூருக்குப் போய்வரட்டும், அப்புறம் ராமேஸ்வரம். சுமையோடு மூன்று நாள் மிதித்த பிறகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் உடனே அழாதீர்கள், பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

திரும்பி வரும்போது சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், கோவில்பட்டி

நம்ம ஊரா! ஸ்ரீநகர் வரை இப்போது ரயில் வந்துவிட்டது, 2025 ஜூனில் திறந்தார்கள். ஆனால் நேராகத் தெற்கே வருவதற்கு ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து கன்னியாகுமரி வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, கேரளா வழியாக வரும். வாரம் ஒரு முறைதான், நாள் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸுக்கு முந்தின நாளே போங்கள். டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் வண்டியின் பிரேக் வேனிலேயே (சாமான் ஏற்றும் பெட்டி) ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, செயின் பக்கம் சாக்கு சுற்றுங்கள். பெயர், போன் எண், இறங்கும் ஸ்டேஷன் மூன்றையும் இரண்டு இடத்தில் எழுதிக் கட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் இன்னொன்று இருக்கும். ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.