இட்லிப்பூ மஞ்சளிக்கிறது, டிஏபி போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். டி.கல்லுப்பட்டி பக்கம் பருத்தி விவசாயம். காட்டு ஓரமாகப் புதுவீடு கட்டியிருக்கிறோம். கேட்டிலிருந்து வாசல்படி வரை 22 அடி நடைபாதை, இருபுறமும் 2 அடி அகலப் பாத்தி. காட்டுக் கரிசலைக் கொட்டி, வைகாசியில் பக்கத்துக்குப் பன்னிரண்டு இட்லிப்பூச் செடி வைத்தேன். கொழுந்து மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. நர்சரியில் டிஏபியும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள், இரண்டு தடவை போட்டும் தேறவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: டிஏபியை முதலில் நிறுத்துங்கள். இது இரும்புச்சத்துக் குறை. டிஏபியில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடக்கூட, இரும்பு செடிக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே இன்னும் கட்டிக்கொள்ளும். எந்த மஞ்சளுக்கும் டிஏபியும் டானிக்கும் நீட்டுகிற கடையில் செடி வாங்கலாம், யோசனை வாங்கக் கூடாது.

அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனைய அடியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று தடவை போதும். நடைபாதையில் சாக்கு விரித்துவிட்டு அடியுங்கள். தெறித்தால் கல்லில் துருக்கறை ஏறிவிடும், பிறகு லேசில் போகாது.

கொழுந்து பச்சையாகும், ஆனால் அந்தப் பச்சை நிற்காது. பாத்தியைக் கடப்பாறையால் ஒன்றரை அடி குத்திப் பாருங்கள். கொத்தனார் விட்டுப்போன சிமெண்டுக் கலவையும் பூச்சுக் காரையும் வரும். அதன்மேல் நீங்கள் கொட்டிய கரிசலில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) இருக்கும். ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றினால் நுரைக்கும், அத்தனையும் சுண்ணாம்பு. பருத்தி அதில் விளையும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். இந்த மண்ணில் அன்னபேதியை வேரில் போடுவது வீண், அன்றைக்கே கட்டிப்போகும்.

ஆகவே ஒன்றரை அடி ஆழத்துக்கு மொத்தமும் அள்ளி வெளியே போடுங்கள். பக்கத்துக்கு 66 கன அடி வரும். அந்தக் குழியை நிரப்ப, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒன்று, பக்கத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. மக்காத சாணம் கரையானைக் கூப்பிடும். தென்னை நார்க்கழிவு மூட்டையை மண்ணுக்குப் பதிலாக விற்பார்கள், அது மண்ணுக்கு ஈடாகாது. புரட்டாசிக்குள் மண் மாற்றிவிட்டால் ஐப்பசி மழையில் செடி பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காதது ஒன்று. பெரிய ரக இட்லிப்பூ நாலடி அகலம் படரும், உங்கள் பாத்தியோ இரண்டடி. இரண்டே வருடத்தில் பாதையில் சாயும், மாதாமாதம் வெட்டினால் பூ இருக்காது. பழைய செடிகளைச் சுற்றுச்சுவர் ஓரம் செம்மண் குழியில் மாற்றிவிட்டு, இங்கே குட்டை ரகத்தை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பாதை விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி, ஒரே வரிசையாக வையுங்கள். வாங்கும்போது பையைக் கீறி வேரைப் பாருங்கள். சுருண்டு வட்டமடித்திருந்தால் எவ்வளவு பூத்திருந்தாலும் வேண்டாம்.

விளிம்பில் அரை அடிக்கு ஒன்றாக டேபிள் ரோஸ். மண் மாற்றக் கைவராவிட்டால் இட்லிப்பூவை மறந்து நித்தியகல்யாணி வையுங்கள், சுண்ணாம்பு மண்ணிலும் பூக்கும். அரளியும் தாங்கும், ஆனால் ஆடு மாடு நடமாடும் வாசலில் நட வேண்டாம், இலை நஞ்சு. கேட் ஓரத்து மூன்றடிக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம், வண்டி எடுக்கும்போது ரோடு தெரிய வேண்டும்.