மொத்தம் சரி, பங்கு மட்டும் தப்பு

கேள்வி: கடலூரில் முதுகலைப் புள்ளியியல் படிக்கிறேன். தேவனாம்பட்டினம், முதுநகர் இரண்டு இடத்திலும் ஒரு நாள் விற்ற மத்தி, சங்கரா, வஞ்சிரம் எடையை 'ஆர்' (R) என்ற கணினி மொழியில் அணியாகப் (மேட்ரிக்ஸ்) போட்டேன். தேவனாம்பட்டினத்தில் 10, 4, 2 கிலோ. முதுநகரில் 20, 6, 1 கிலோ. கிலோ விலை 200, 400, 900 ரூபாய். அணியை விலையால் பெருக்கி இடவாரியாகக் கூட்டினால் 6,200, 6,500 என்று வருகிறது. கால்குலேட்டரில் 5,400, 7,300. இரண்டிலும் மொத்தம் மட்டும் 12,700தான்! பிழைச் செய்தியும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: தப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை இன்னொன்று மறைத்துக்கொண்டிருக்கிறது.

முதலாவது, எண்களை நிரப்பிய விதம். 'மேட்ரிக்ஸ்' கட்டளை (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான்) எண்களை நாம் எழுதும் வாக்கில் இடமிருந்து வலமாக நிரப்பாது. மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக நிரப்பும். ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழிக் காலத்துப் பழக்கம் அது. நீங்கள் 10, 4, 2, 20, 6, 1 என்று கொடுத்திருப்பீர்கள். 10 சரியான இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த 4, தேவனாம்பட்டினத்துச் சங்கரா, முதுநகர் மத்தியாகிவிட்டது. 'பைரோ' என்பதற்கு 'ட்ரூ' என்று கொடுத்தால் இடமிருந்து வலமாக, நிரைவாரியாக நிரப்பும். எப்படியானாலும் அணியைத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது, வெறும் * குறி. அது பள்ளியில் படித்த அணிப் பெருக்கல் இல்லை. அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணால் பெருக்கும், அவ்வளவுதான். விலை மூன்றே எண் என்பதால், தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆறுக்கு மூன்று மிச்சமில்லாமல் பொருந்துவதால் எச்சரிக்கையும் வராது. நான்கு விலை கொடுத்திருந்தால் முணுமுணுத்திருக்கும்.

மொத்தம் எப்படிச் சரியானது? நீங்கள் தட்டிய வரிசையும் விலை வரிசையும் ஒன்றே. அதனால் ஒவ்வொரு மீனுக்கும் அதன் விலைதான் கிடைத்தது. பணம்தான் வேறு ஊர்க் கணக்கில் ஏறிவிட்டது. இதில் ஒன்றை மட்டும் திருத்தினால் இன்னும் மோசம். 'பைரோ'வை மட்டும் போட்டால் 6,400, 10,100. குறியை மட்டும் மாற்றினால் 8,200, 9,700. மொத்தமும் போச்சு.

அணிப் பெருக்கலுக்குக் குறி %*%. நிரைவாரியாக நிரப்பிய அணியை இதனால் பெருக்குங்கள். 5,400, 7,300 நேராக வந்துவிடும், தனியாகக் கூட்டவும் வேண்டாம். அளவு பொருந்தாவிட்டால் இந்தக் குறி பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கண்டிப்புதான் நமக்கு வேண்டும்.

அப்புறம், ஆய்வில் கட்டாயம் இடறும் இன்னொன்று. அணியிலிருந்து ஒரே நிரையை எடுத்தால் அது அணியாக இருக்காது, சாதாரண எண் வரிசையாகிவிடும். 'டிராப்'புக்கு 'ஃபால்ஸ்' கொடுத்தால் அணியாகவே நிற்கும். நிரையையும் நிரலையும் இடம் மாற்ற 'டி' என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை போதும்.

எடையும் வசூலும் தெரிந்து விலையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் 'சால்வ்' கட்டளை. அதற்குச் சதுர அணி வேண்டும். மூன்று மீனுக்கு மூன்று இடம். புதுச்சேரி தேங்காய்த்திட்டைச் சேருங்கள்: 5, 8, 3 கிலோ, வசூல் 6,900 என்று வைத்துக்கொள்வோம். அணியின் நேர்மாறைக் கண்டுபிடித்து வசூலோடு பெருக்குவதைவிட, அணி, வசூல் இரண்டையும் 'சால்வ்' கையிலேயே கொடுப்பது மேல். வேலை குறைவு, துல்லியம் அதிகம். 200, 400, 900 திரும்பக் கிடைக்கும். ஆனால் தேங்காய்த்திட்டு எடை 20, 8, 4 என்று இருந்தால் அது தேவனாம்பட்டினத்தின் இரு மடங்கு. புதிதாக எதுவும் சொல்லாத நிரை என்பதால் 'சால்வ்' மறுத்துவிடும். அப்போது கட்டளையைத் திருத்திப் பயனில்லை. வேறொரு நாள் கணக்கை வாங்கி வாருங்கள்.