ஆபீஸ் கரண்ட் பில்: கேட்டதும் சொன்னதும்

தொழிற்சாலை, அலுவலகம் என்று ஏறி இறங்கி மின் தணிக்கை செய்வதுதான் என் பிழைப்பு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பிளக்கில் செருகும் "பவர் சேவர்" பெட்டியைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். அது ஏமாற்று வேலை.

எங்கள் ஆபீஸில் முப்பது பேர். பில் ஏறிக்கொண்டே போகிறது. எங்கிருந்து தொடங்குவது, சார்?

மீட்டரிலிருந்து. எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். சனிக்கிழமை பூட்டும்போது ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை திறந்ததும், யாரும் சுவிட்சில் கை வைப்பதற்குள், மறுபடி குறியுங்கள். இடையில் ஓடிய யூனிட்டை மணிக்கணக்கால் வகுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். நீங்கள் வேலை பார்ப்பது 60 என்றால், 108 மணி நேரம் ஆபீஸ் பூட்டியே கிடக்கிறது. அப்போது மணிக்கு 3 யூனிட் ஓடினால், ஆளே இல்லாமல் வாரத்துக்கு 324 யூனிட். இதைப் பார்க்காமல் பல்பு மாற்றுவதில் அர்த்தமில்லை. ரீடிங் எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஸ்கிரீன் சேவர் போட்டால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஆகாது. பழைய பிக்சர் டியூப் திரையில் படம் படிந்துவிடாமல் காக்க வந்தது அது. ஸ்லீப்பில் போடுங்கள்.

சிறிய பட்டறை வைத்திருக்கிறேன் ஐயா. காற்று கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடுகிறது. பெரியதாக ஒன்று வாங்கிவிடலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சாப்பாட்டு இடைவேளையில் காற்று எடுக்கும் எல்லா இயந்திரத்தையும் நிறுத்துங்கள், கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். யாருமே காற்று எடுக்கவில்லை, அதனால் அழுத்தம் ஏறியதும் அது சும்மா இருக்க வேண்டும். இருக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி லோடு ஏறும், அதாவது காற்றை அடைக்கத் தொடங்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடம் லோடு, எத்தனை நிமிடம் ஓய்வு என்று எழுதுங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் ஓய்வு என்றால், எட்டில் இரண்டு, அதாவது உங்கள் கம்ப்ரசர் திறனில் 25 சதவீதம் ஒழுக்கிலேயே போகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே ஏறக்குறைய 3 கிலோவாட்டைத் தின்னும்.

அப்புறம் ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். ஹோஸ் கிளிப், இணைப்பு, டிரெயின் வால்வு எல்லாவற்றிலும் தடவுங்கள். நுரை கொப்பளிக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒழுக்கை அடைத்த பிறகு அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள். 7 பாரில் ஓடுவது 6 பாரில் ஓடினால் சுமார் 7 சதவீதம் மிச்சம். பெரிய கம்ப்ரசர் வாங்கியிருந்தால் பெரிய ஒழுக்குதான் கிடைத்திருக்கும்.

சோலார் போடலாமா?

அது என் துறை இல்லை. ஆனால் வீணாவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுங்கள். தேவைப்படும் தகடுகளின் எண்ணிக்கை குறையும்.

எங்கள் மேனேஜர் மதியம் ஒரு மணி நேரம் எல்லா ஏசியையும் அணைக்கச் சொல்கிறார். மறுபடி குளிர வைக்க அதிகக் கரண்ட் இழுக்காதா?

இழுக்காது. ஓட்டைப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருந்தால் வேகமாக ஒழுகும், பாதி இருந்தால் மெதுவாக ஒழுகும். குளிர்ந்த அறைக்குள்தான் வெளிச்சூடு வேகமாக நுழையும். அறை சூடாக விட்டால் உள்ளே வரும் சூடு குறையும். மொத்த யூனிட் குறைந்தே தீரும்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு ஆம்பியர் இழுப்பதை நானே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருப்பீர்கள். எத்தனை வினாடி? மூன்றா, நான்கா? பில் வருவது ஆம்பியருக்கு இல்லை, யூனிட்டுக்கு.

மதிய அணைப்பு ஆரம்பித்த மாதம் எங்கள் பில் கூடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் பில்லில் "அதிகபட்ச டிமாண்ட்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த மீட்டர் நீங்கள் இழுக்கும் லோடை 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எடுத்து, மாதத்தின் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உச்சத்துக்குத் தனிக் கட்டணம். இரண்டு மணிக்கு எட்டு ஏசியும் ஒன்றாக முழு மூச்சில் ஓடினால் அந்த அரை மணி நேரமே உச்சம். யூனிட் குறைந்திருக்கும், டிமாண்ட் கட்டணம் ஏறியிருக்கும். நாலு நாலாக, அரை மணி இடைவெளியில் போடச் சொல்லுங்கள்.

அப்போது நான் சொன்னதுதானே சரி?

விடை சரி, காரணம் தப்பு. மேனேஜருக்கும் ஒரு வார்த்தை: மதியத்தை விட, ஆபீஸ் முடிவதற்கு அரை மணி முன்னால் அணைப்பது லாபம். குளிர் கொஞ்ச நேரம் தாங்கும், மறுபடி குளிர வைக்கும் வேலையும் அன்றைக்கு இல்லை.

16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் குளிராது. 24-ல் வைத்தாலும் கம்ப்ரசர் அதே வேகத்தில்தான் ஓடும். 16-ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. 25-ல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள்.

18 டிகிரி வைத்தால்...?

மேலே பாருங்கள்.

கெப்பாசிட்டர் போட்டால் பில் குறையும் என்கிறார்களே?

கேவிஏ கணக்கில், அதாவது லைனிலிருந்து இழுக்கும் மொத்தத்துக்கு, டிமாண்ட் கட்டணம் உள்ளவருக்குக் குறையும். 70 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் (இழுப்பதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்றால் 100 கேவிஏ. கெப்பாசிட்டர் போட்டு அதை 0.95 ஆக்கினால் 74. யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பவர் சேவர் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், ஒரு விளக்கு.

சார், அந்தப் பெட்டி உண்மையிலேயே...

அடுத்த கேள்வி.

முதலில் கேட்டவன்தான். ரீடிங் எடுத்தேன். பூட்டியிருந்தபோது மணிக்கு 5 யூனிட். சர்வர் ஒன்றுதான் ஓடியது.

ஒரு சர்வர் 5 யூனிட் தின்னாது. இன்று மாலை எல்லோரும் போன பிறகு மீட்டர் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். சர்வர் லைனை விட்டுவிட்டு, மற்ற பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது மீட்டர் சட்டென்று மெதுவாகிறதோ, அந்த லைனைப் பிடித்துக்கொண்டே போங்கள். வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதை முதலில் இறக்குங்கள்.