கூப்பிட்டவருக்குப் பதில் வந்ததா?

ஹாம் ரேடியோ கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் ஒரு பழைய ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர். டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. போன வருடம் பரீட்சை எழுதி லைசென்ஸும் வியூ3 கால்சைனும் (கீழ்நிலை லைசென்ஸ்காரருக்கான ரேடியோ அழைப்புப் பெயர்) வாங்கிவிட்டேன். கையில் ஒரு ஹேண்டி செட் இருக்கிறது. பூம்பாறையில் மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஹாம்கள் எங்கே கூடுகிறார்கள், என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த மலையில் நான் ஒருவன்தானா?
– பூம்பாறை வாசகர்

பதில்: தம்பி, செட்டைத் திட்டாதீர்கள், தப்பு ஊரின் மேல். பூம்பாறை ஒரு கிண்ணம், நீங்கள் அதன் அடியில் பூண்டு வயலுக்கு நடுவில் நிற்கிறீர்கள். ஹேண்டி வேலை செய்யும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி. எதிர்மலை வரை போகும், மலையைத் துளைத்துக்கொண்டு மதுரைக்குப் போகாது. ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானல் வாருங்கள். கோக்கர்ஸ் வாக் பக்கம், கீழே பெரியகுளமும் வைகை அணையும் தெரிகிற விளிம்பில் நின்று அதே ஐந்து வாட் செட்டில் கூப்பிடுங்கள். மதுரை அங்கிருந்து நேர்கோட்டில் எழுபது எண்பது கிலோமீட்டர்தான். நான் முதல்முறை அங்கே நின்று கூப்பிட்டபோது, பதில் சொன்னவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையோடுதான் என் கால்சைனைத் திருப்பிச் சொன்னார்.

ஆனால் வாரம் ஒரு ஞாயிறு போதாது. வீட்டிலிருந்தே தினமும் பேச வேண்டுமென்றால் நாற்பது மீட்டருக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, வாருங்கள். வியூ3 காரர்களுக்கு ஐம்பது வாட் வரை அனுமதி, தாராளமாகப் போதும். பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு ஒயர், நடுவில் கேபிள். டைபோல் ஆன்டெனா என்பது அவ்வளவுதான். உயரமாகக் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, தாழ்வாகவே கட்டுங்கள். ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் அலை நேரே வானத்துக்கு ஏறி, மேலே அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு இறங்கும். கிண்ணத்துக்குள் இருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெளிநாடு பேசும் ஆசை வரும்போது உயர்த்திக்கொள்ளலாம். கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தேன். உள்ளே பின்னல் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடித்துப் போயிற்று. நம் ஊர்ப் பனிக்கு, இணைப்புகளில் ரப்பர் டேப் இழுத்துச் சுற்றாமல் எதையும் வெளியே தொங்கவிடாதீர்கள்.

சரி, அப்புறம்தான் நீங்கள் கேட்ட விஷயம். காலையில் தென்னிந்திய ஹாம்கள் நாற்பது மீட்டரில் 'நெட்' நடத்துவார்கள். ஒருவர் கன்ட்ரோலாக இருந்து ஒவ்வொருவரையும் கூப்பிடுவார், அவரவர் செக்-இன் பண்ணுவார்கள், அதாவது வந்திருக்கிறேன் என்று சொல்வார்கள். முதல் ஒரு மாதம் மைக்கைத் தொடாதீர்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கால்சைன், பெயர், ஊர், அவர் எதைப் பற்றிப் புலம்புகிறார் என்று எழுதுங்கள். நாலாவது வாரம் யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் வீட்டு டவர் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லையே என்று கூசாதீர்கள். "பூம்பாறை, பனிமூட்டம், எட்டு டிகிரி" என்றால் போதும். சமவெளியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

இன்னொன்று. கன்ட்ரோல் 'செவன்டி த்ரீ' (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து) சொல்லி நெட்டை முடித்ததும் பாதிப் பேர் செட்டை அணைத்துவிடுவார்கள். நீங்கள் அணைக்காதீர்கள். அதன் பிறகு மூன்று நான்கு பேர் தங்கி அரட்டை அடிப்பார்கள். பரீட்சை எப்போது வருகிறது, எந்த ரிப்பீட்டர் (ஹேண்டி குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) படுத்துவிட்டது, யார் பழைய செட்டை விற்கிறார், விண்வெளி நிலையம் 145.800 இல் எப்போது படம் அனுப்பப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் வரும். நான் பார்த்த வரை செய்தி அந்த இருபது நிமிடத்தில்தான். இரண்டு வருடம் முன்பு கண் புரை அறுவைக்காக நாலு நாள் நான் நெட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் ஆறு பேர் போன் பண்ணிவிட்டார்கள், அதில் இருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

நேரில் பார்க்க ஆசையென்றால் வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் ஹாம்ஃபெஸ்ட் இந்தியா நடக்கும், போய் வாருங்கள். அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் சாரணர்கள் வானொலியில் கூடும் ஜோட்டா வரும். பக்கத்துப் பள்ளியில் சாரணர் குழு இருந்தால் ஆசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். லைசென்ஸ் உள்ள ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தாத்தாவின் ஷார்ட்வேவ் ரேடியோவில் வாத்து கத்துவது போல மனிதக் குரல் வருகிறது என்கிறாள். அது என்ன? அவள் ஹாம் ஆக முடியுமா?
– வில்பட்டி வாசகி

பதில்: அந்த வாத்து நானாகக்கூட இருக்கலாம் அம்மா. மின்சாரமும் இடமும் மிச்சமாகட்டும் என்று நாங்கள் அலையில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறோம். எஸ்எஸ்பி என்று பெயர். வெட்டியதை ஒட்டவைக்கும் சர்க்யூட் தாத்தா ரேடியோவில் இல்லை. எஸ்எஸ்பி சுவிட்ச் உள்ள ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுங்கள், வாத்து மனிதராகிவிடும். 12 வயது நிறைந்தால் பரீட்சை எழுதலாம். கீழ்நிலைத் தேர்வுக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்தி மொழி, கிடையாது. மேல்நிலைக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகம் வேண்டும். பெரியவர்கள் திணறும் மோர்ஸைப் பிள்ளைகள் தாளம் மாதிரி பிடித்துக்கொள்வார்கள், அதனால் மேல்நிலைக்கே முயலட்டும். லைசென்ஸ் வருமுன் பேசும் செட் மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது சட்டப்படி தவறு.

கேள்வி: எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?
– பண்ணைக்காடு வாசகர்

பதில்: 2018 நவம்பர் 16, கஜா புயல். பண்ணைக்காட்டில் இருந்தீர்களானால் நினைவிருக்கும். மரங்கள் விழுந்து ரோடு போயிற்று, கரன்ட் போயிற்று, டவர் பேட்டரி தீரத்தீர போனும் போயிற்று. நான் கார் பேட்டரியில் செட்டை இணைத்து உட்கார்ந்தேன். சாதாரண நாளில் அடுத்தவர் செய்தியை நாங்கள் கடத்தக் கூடாது, பேரிடரில் கடத்தலாம். எங்கள் தெருவில் ஏழு குடும்பங்கள் "நல்லா இருக்கோம்" என்று சொல்லச் சொன்னதை மதுரை ஹாம் ஒருவர் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் ஏன் உடனே பதில் தந்தார் தெரியுமா? தினமும் காலையில் என் குரலைக் கேட்டுப் பழகியவர்.

கேள்வி: சில நாள் நடுப்பகலில் நாற்பது மீட்டர் திடீரென்று செத்துப்போகிறது. ஆன்டெனா கோளாறா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: சூரியனில் ஒரு வெடிப்பு என்றால் பகல் பக்கத்தில் ஷார்ட்வேவ் அப்படியே மங்கிவிடும். நம் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியப் புள்ளிகளைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் பெருகிக் குறைகிற ஏறக்குறைய 11 வருடச் சுழற்சியோடுதான் எங்கள் பேச்சும் ஏறி இறங்குகிறது. எனவே ஆன்டெனாவை அவிழ்க்காதீர்கள். டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அப்போதும் சத்தமில்லை என்றால் தோட்டத்தில் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போய்ப் பார்த்த ஒரு நாள் என் டைபோலில் பாதி பேரிக்காய் மரத்தில் இருந்தது. மீதிப் பாதி ஒரு காட்டுமாட்டின் கொம்பில் சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.