பங்கு பிரிந்த பழைய விளையாட்டு

கேள்வி: 2000-இல் வந்த 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' வீடியோ கேமைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன். எந்த இணையக் கடையிலும் இல்லை. அதை உருவாக்கிய நிறுவனத்தை வார்னர் வாங்கிவிட்டதாமே, உரிமை அவர்களிடம்தானே இருக்கும்? ஒரு தளத்தில் 'கைவிடப்பட்டது' என்று இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கம்பெனியை வாங்கியவருக்கே எல்லாம் சொந்தம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வீடியோ கேமின் உரிமை ஒரே பத்திரத்தில் அடங்குவதில்லை. பெயர் ஒருவரிடம், நிரல் இன்னொருவரிடம், இசை மூன்றாமவரிடம் இருக்கலாம்.

நீங்கள் கேட்டிருப்பதோ வில்லங்கத்திலேயே பெரிய வில்லங்கம். உருவாக்கிய மோனோலித் 2004-இல் வார்னரிடம் போனது. வெளியிட்ட ஃபாக்ஸ் இன்டராக்டிவ் அதற்கு முந்தைய ஆண்டே விவெண்டிக்குப் போய், 2008-இல் ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. ஆக்டிவிஷன் 2023-இல் மைக்ரோசாஃப்ட் வசமானது. பழைய கேம்களுக்கு மறுவாழ்வு தரும் நைட்டைவ் நிறுவனம் இதற்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிப் பார்த்தது. அந்தக் காலத்து ஒப்பந்தங்கள் கணினியில் இல்லை, எங்காவது பெட்டிக்குள் கிடக்கலாம் என்பதுதான் ஆக்டிவிஷன் பக்கமிருந்து வந்த பதிலாம்! தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் 'அனுமதி கிடையாது' என்று சொல்ல முடிகிறது, அதுதான் எரிச்சல்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 'சிஸ்டம் ஷாக் 2' உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000-இல் மூடப்பட்டபின் அதன் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்க் கிடந்தது. நைட்டைவ் தேடிப் போய்க் கேட்டது. 2013-இல் விளையாட்டு விற்பனைக்கு வந்துவிட்டது.

'கைவிடப்பட்டது' என்பது சட்டம் அறியாத சொல். அமெரிக்காவில் நிறுவனங்களின் இத்தகைய வெளியீடுகளுக்கு 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. இந்த விளையாட்டுக்கு 2095 முடியும்வரை. யாரும் வழக்குப் போடாமல் இருப்பதும் அனுமதி கொடுப்பதும் ஒன்றல்ல. முன்பின் தெரியாத தளத்துக் கோப்பில் வேறு என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பது தனிக் கவலை.

என் யோசனை: ஒருவர் பயன்படுத்திய அசல் குறுந்தகட்டைத் தேடுங்கள். அது கிடைத்தாலும் தகடுதான் உங்களுடையது, பிரதியெடுத்து விற்கும் உரிமை அல்ல. பணம் கொடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: தகட்டில் கீறல் உண்டா, கேமைக் கணினியில் நிறுவும்போது கேட்கும் சாவி எண் உறையில் இருக்கிறதா? பொதுவாகப் பழைய தகடு வாங்கும் எவரும் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பிரதியெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற மென்பொருள் பூட்டுப் போட்ட தகடுகள் விண்டோஸ் 10-இல் அப்படியே ஓடாது.