மார்க்கி வீட்டுப் பையனுக்கு அரண்மனை வேலை வேண்டாம்

பதினெட்டு வயதுப் பையன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு பெரிய மனிதர், “பையனை என்னிடம் விடுங்கள், ராஜா பக்கத்திலேயே உத்தியோகம் போட்டுத் தருகிறேன்” என்கிறார். பையனுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்று கேள்வி. சொந்தக்காரர்களோ, யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு இடம் என்கிறார்கள்.

வருடம் 1638, நாடு பிரான்ஸ். பையன் ஹென்றி, சேன்-மார் மார்க்கி (மார்க்கி என்பது ஒரு பிரபுப் பட்டம்). தாய் மாரி த ஃபூர்சி, மறைந்த மார்ஷல் தெஃபியாவின் மனைவி. பெரிய மனிதர், ராஜாவின் முதலமைச்சரான கார்டினல் ரிஷெலியு. அந்தத் தாய் ஆலோசனைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பின்னால் நடந்தது தெரிந்த தைரியத்தில் சொல்கிறேன்.

அம்மா, பையன் லட்சணமானவன், பேச்சில் கெட்டிக்காரன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஆறுதல் இவ்வளவுதான். இனி கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

ராஜாவின் உடைகளுக்குப் பொறுப்பான பெரிய பதவி என்கிறார்கள். கார்டினலுக்கு வேண்டியது உடைக்குப் பொறுப்பாளர் அல்ல. ராஜாவுக்குப் பிடித்த ஒத்ஃபோர் என்ற பெண்மணி கார்டினலுக்கு ஆகாதவர். அவருடைய இடத்தில் தன் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் மகனைக் கேட்கிறார். சம்பந்தி வழியில் சொந்தம் என்பதால் முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடப்படுகிறீர்கள். மறுத்துவிடுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்றும் யோசியுங்கள். ராஜா 13-ஆம் லூயிக்கு வேட்டை உயிர். மற்ற நேரத்தில் ஜாம் காய்ச்சுவார், தோட்டத்தில் பட்டாணி போடுவார், அதிகாரிகளைப் பிடித்து உட்காரவைத்து தாமே சவரம் செய்துவிடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் வாட்டம் பிடித்த மனசு. உங்கள் பையனுக்குப் பிடித்தது பாரிஸ், நண்பர்கள், நல்ல துணிமணி, அப்புறம் போர்க்களம். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் அடைத்தால் தினமும் சண்டைதான். அப்படியே நடந்தது. 1639 நவம்பரில், ‘நாங்கள் ஒருவர் மீது ஒருவர் முழுத் திருப்தியோடு இருக்கிறோம்’ என்று காகிதத்தில் எழுதி ராஜாவும் பையனும் கையெழுத்துப் போட்டார்கள். எந்த வேலையில் முதலாளியோடு இப்படி ராஜிப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது? அதே வருடம் பையன் அரச குதிரைலாயங்களின் தலைவராகிவிட்டான். ஊரே பொறாமைப்பட்டது.

திருச்சபை, நீதிமன்றப் பதவி இரண்டும் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது: எல்லைக் கோட்டை ஆளுநர் வேலை.

இதே ராஜாவுக்கு முன்பு பிரியமானவராக இருந்தவர் குளோத் த சேன்-சிமோன். லாயத்தில் ஏவலாளாகச் சேர்ந்தவர். வேட்டையில் குதிரை மாற்றும்போது ராஜாவுக்குப் பொறுமை இருக்காது. குளோத் என்ன செய்தார் என்றால், புதுக் குதிரையின் தலை பழைய குதிரையின் வால் பக்கம் வரும்படி ஒட்டி நிறுத்துவார். ராஜா தரையில் கால் வைக்காமலே இதிலிருந்து அதற்குத் தாவிவிடுவார். அந்தச் சின்னச் சாமர்த்தியம் அவரை 1635-இல் டியூக் ஆக்கியது. அடுத்த வருடமே, ஒரு கோட்டையை எதிரியிடம் விட்டுவிட்ட சித்தப்பாவுக்காகப் பரிந்து பேசப்போய், கார்டினலின் கோபத்தில் அரண்மனையை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

போனது எங்கே? தன் பொறுப்பில் இருந்த ப்ளாய் கோட்டைக்கு. ஜிரோந்த் முகத்துவாரத்தின் வலது கரையில் இருக்கிறது. போர்தோவுக்குப் போகும் கப்பல் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஆளுநருக்கு உண்மையான வேலை உண்டு: பீரங்கி, வெடிமருந்து, தானியக் கிடங்கு, சிப்பாய்ச் சம்பளம், ஆற்றில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்ற கணக்கு. பின்னாளில் அரசுக்கு எதிராக ஃப்ரோந்த் என்ற உள்நாட்டுக் கலகம் வெடித்தபோது, குளோத் பீரங்கி வார்த்தார், ஐந்நூறு பிரபுக்களைக் கோட்டைக்குள் சேர்த்தார், காவல்படைக்குத் துணியும் சம்பளமும் கொடுத்தார், பதினெட்டு மாதம் முற்றுகை போன்ற நிலையில் தாக்குப்பிடித்தார். சுற்றுவட்டாரத்தில் ஒரு காசு வசூலிக்கவில்லை. இதை அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். மகன் பேச்சு, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் அந்தக் கடன் அப்பாவை வாழ்நாள் முழுக்க அழுத்தியது என்பதையும் அதே மகன்தான் சொல்கிறார். ஆகவே செலவில்லாத வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அரண்மனையில் துணிக்கும் விருந்துக்கும் போகும் கடன் வேறு, இந்தக் கடன் வேறு. குளோத் 1693 வரை இருந்தார்.

ஹென்றி விஷயத்துக்கு வருகிறேன். மாரி த கொன்ஸாக் என்ற இளவரசியை மணக்க ஆசைப்பட்டான், கார்டினல் அவமானப்படுத்திவிட்டார். கோபத்தில் ராஜாவின் தம்பி கஸ்தோன், பூய்யோன் டியூக் ஆகியோரோடு சேர்ந்து, பிரான்ஸோடு போரில் இருந்த ஸ்பெயினுடன் ரகசிய ஒப்பந்தம் போட்டான். 1642 ஜூனில் நார்போனில் பிடிபட்டான். கஸ்தோன் எல்லாவற்றையும் கக்கித் தப்பினார். பூய்யோன் தன் செதான் கோட்டையை ராஜாவுக்குக் கொடுத்துத் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். உங்கள் பையனிடம் கொடுக்க என்ன இருந்தது? ராஜாவின் பிரியம் ஒன்றுதான், அதுவும் தீர்ந்துவிட்டது. செப்டம்பர் 12, லியோன் நகரத் தெரோ சதுக்கம், 22 வயது. தண்டனையாகத் தலை வெட்டும் வழக்கமான ஆளுக்குக் கால் உடைந்திருந்ததால் பழக்கமில்லாத ஆளை நிறுத்தினார்கள். அதற்கு மேல் ஒரு தாயிடம் சொல்ல மாட்டேன். சேன்-மார் கோட்டையை இடித்தார்கள், உங்களையும் ஊரை விட்டு அனுப்பினார்கள். மூன்று மாதம் தாண்டுவதற்குள் கார்டினலே இறந்துவிட்டார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் மாப்பிள்ளை லா மெய்யரே பீரங்கிப் படையின் தலைவர், கார்டினலுக்கு ஒன்றுவிட்ட சகோதரரும்கூட. மகள் இறந்துவிட்டாலும் பேரன் அந்த வீட்டில் வளர்கிறான், உறவு அறுந்துவிடவில்லை. அவரிடம் இரண்டு வருடம் பையனை விடுங்கள். முற்றுகை என்றால் என்ன, ஒரு பீரங்கியை இழுக்க எத்தனை குதிரை வேண்டும் என்று கற்றுக்கொள்ளட்டும். போர்க்கள ஆசையும் அவனுக்கு அங்கே தீரும். அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோட்டைப் பொறுப்புக் கேளுங்கள், பாரிஸிலிருந்து தூரமாக இருந்தால் நல்லது. கார்டினலுக்கு நான் வேண்டுமானால் கடிதம் எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.