மாயா அருள்பிரகாசம் தமிழில் பாடுவதில்லையே, அவரை ஏன் தமிழ்ப் பாடகி என்கிறார்கள்?

பாட்டில் தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறீர்கள் போல. லண்டனில் வளர்ந்த என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2007. எனக்கு 15 வயது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் மாயா வெளியிட்ட 'கலா' தொகுப்பின் 'பாய்ஸ்' பாட்டு குசினியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தார். தைத்த எண்ணிக்கைக்குத்தான் காசு, நிமிரவே மாட்டார். திடீரென்று மெஷின் நின்றது.

"பிள்ளை, இது உறுமி எல்லோ?"

இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு மூன்று வருஷம் திருச்சியில் அகதியாக இருந்தவர் அம்மா. அங்கே மாரியம்மன் திருவிழாவில் கேட்ட மேளச் சத்தமாம். தலைமயிரில் வெள்ளை நூல் துண்டுகள் ஒட்டியிருக்க, "திருப்பிப் போடு" என்றார். நாலு தரம் போட்டேன்.

மாயாவும் அந்த வழியால் வந்தவர்தான். 1975இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், கொஞ்சக் காலம் மெட்ராஸிலும் இருந்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பினார். முதல் தொகுப்புக்கு அப்பாவின் இயக்கப் பெயர், 'அருளர்'. இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர், 'கலா'. அதற்காகச் சென்னை வரை போய் உறுமி அடிப்பவர்களை வைத்துப் பதிவு செய்தார். விசா அலைச்சலில் பிறந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது.

2019இல் அவருக்கு பிரிட்டிஷ் மகாராணியின் எம்.பி.இ. விருது அறிவித்தபோது, அந்தப் பதக்கங்களைக் கையால் தைப்பதுதான் 30 வருஷத்துக்கு மேலாகத் தன் தாயின் வேலை என்று எழுதினார். அதை வாசித்து நான் அழுதேன்.

அவருடைய எல்லாக் கருத்தையும் நான் ஏற்கிறேன் என்று நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அரசியல் வேறு கதை. தமிழ் படிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, என் மகளுக்கு நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் தமிழ் தமிழ் என்பவர்களின் விழா ஒன்றில் 17 வயதில் நான் எழுதிய பாட்டைப் பாட இடம் கேட்டேன். பாதி இங்கிலிஷ் என்பதால் கடைசியாகப் போட்டார்கள். சரி, அதை விடுங்கள். காசு கொடுத்தவர்கள் ஒன்றரை மணித்தியாலம் மேடையில் பேசினார்கள். பரதநாட்டிய மேக்கப் போட்ட ஆறு வயதுப் பிள்ளைகள் சாப்பாடில்லாமல் படியிலேயே நித்திரை. ஒருவரும் எழும்பிக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டபோது மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் தன் கதிரையைக் கொடுக்கமாட்டேன் என்று இருந்தார்.